ஆளுக்கு ஒரு பிஸ்கட்

ஹார்மன் வெஸ்ஸலிங்க் தன் மனைவியோடு ஒரே அறையில் இருக்க ஆசைப்பட்டார். எழுபத்தொன்பது வயதில் ஒரு மனிதர் இப்படிப்பட்ட ஆசையை எழுதிக் கொடுத்தால் அதற்குத் தகராறு என்று பெயர். இது நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் படித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஹார்மன் படகோட்டி, அவருக்குத் தெரியவில்லை.

முப்பத்திரண்டு வருடம் ஐசல் ஆற்றில் படகு விட்டவர் அவர். இந்தக் கரையில் நிற்கிறவரை அந்தக் கரையில் சேர்ப்பார், அங்கே நிற்கிறவரை இங்கே கொண்டுவருவார். அதற்காக யாரும் அவரை மேடையேற்றிப் பாராட்டவில்லை, அவரும் யாரிடமும் படிவம் வாங்கி நிரப்பவில்லை.

அவரும் அவர் மனைவி ஃபெம்மியும் ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் சேர்ந்தபோது, இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரே இருவர் அறையான 214 காலியானதும் அவர்களுக்கே தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதுவரை ஹார்மனுக்கு முதல் மாடியில் ஒற்றை அறை. பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்துபோன ஃபெம்மிக்கு மூன்றாம் மாடியில் பராமரிப்புப் பிரிவு. தினமும் மூன்று மணிக்கு ஹார்மன் லிஃப்டில் ஏறி மேலே போவார். ஃபெம்மிக்கு நாக்கு கொஞ்சம் குழறியது, ஆனால் வாய்த்துடுக்கு இம்மியும் குறையவில்லை. "வந்துட்டியா கெழவா, இன்னைக்கும் சட்டைல கடுகு சாஸ் சிந்தியிருக்கு பாரு" என்பாள். அவர் தேநீரை ஆற்றிக் கொடுப்பார். ஐந்து மணிக்கு இறங்கி வருவார்.

நவம்பரில் 214 காலியானது. கட்டில்களை வெளியே எடுத்தார்கள், ஒரு வட்ட மேஜையை உள்ளே போட்டார்கள், கதவில் 'உரையாடல் அறை' என்று எழுதினார்கள். இல்லம் புதிதாகத் தொடங்கிய நல்லிணக்க மையத்துக்கு இடம் வேண்டியிருந்ததாம்.

ஹார்மன் இயக்குநர் டெர் ஹோர்ஸ்டைப் போய்ப் பார்த்தார். டெர் ஹோர்ஸ்ட் எழுந்து வந்து கைகுலுக்கி, தோளைத் தொட்டு, சன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தார். மறுக்கப்போகிறவர்கள் எப்போதும் சன்னலோர நாற்காலியைத்தான் தருகிறார்கள்.

"நாங்க புகாருக்குப் பயப்படற ஆளுங்க இல்ல ஹார்மன். புகார்ங்கிறது எங்களுக்குக் குடுக்கற பரிசு. போன வருஷம் நூத்திநாப்பது பரிசு வந்துச்சு. ஒண்ணக்கூட நாங்க பிரிச்சுக் கசக்கல, வந்தது வந்தபடியே பத்திரமா இருக்கு."

ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவை எடுத்துக் காட்டினார். முதலில் பேச்சுவார்த்தை, பிறகு சமரசம், அதுவும் பலிக்காவிட்டால் நடுவர் தீர்ப்பாயம். நீதிமன்றத்துக்குப் போகமாட்டேன் என்று ஹார்மன் கையெழுத்துப் போட்டிருந்தார். பேச்சுவார்த்தை இந்தக் கைகுலுக்கலோடு முடிந்துவிட்டதாக டெர் ஹோர்ஸ்ட் தெரிவித்து, ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

படிவத்தில் ஏழாவது கேள்வி, 'இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்ட மற்றவர் யார்?' என்று இருந்தது. சேர்ந்து இருக்கக் கேட்பது இரண்டு பேருக்காக என்பதால் ஹார்மன் நேர்மையாக 'என் மனைவி ஃபெம்மி' என்று எழுதினார். ஒன்பது நாளில் பதில் வந்தது. உறையின் மேல் தடித்த எழுத்தில் 'ஹார்மன் வெஸ்ஸலிங்க் எதிர் ஃபெம்மி வெஸ்ஸலிங்க்' என்று இருந்தது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு 214-க்கு ஓடினார். அங்கே மார்லூஸ் என்ற பெண் சமரசர் இருந்தார். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் மென்மையான சால்வை, குரலில் அதைவிட மென்மை.

"என்னை மார்லூஸ்னே கூப்பிடுங்க. இந்த ரூமுக்குள்ள சார், மேடம் எதுவும் கெடையாது. எல்லாரும் சமம்."

இது பிசகு, என் சண்டை இல்லத்தோடு, என் மனைவியோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை என்று ஹார்மன் சொன்னார். மார்லூஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்பதற்கென்றே பயிற்சி பெற்றவர். கேட்டு முடித்ததும், மனைவியோடு தகராறே இல்லை என்று சொல்கிறவர்கள்தான் தகராறின் ஆழத்தில் இருப்பவர்கள் என்று விளக்கினார். இல்லம் ஒரு தரப்பாக முடியாது, ஏனென்றால் மையத்தைத் தொடங்கியதே இல்லம்தான். அது தரப்பாகிவிட்டால் நடுநிலை வகிக்க யார் மிஞ்சுவார்கள்?

"அப்ப இந்தப் பேர மாத்தி எழுதுங்க."

"வழக்கு சரியா பதிவாயிருக்கா இல்லையாங்கறத தீர்ப்பாயம்தான் சொல்லணும். தனக்கு அதிகாரம் இருக்கான்னு தீர்மானிக்கிற அதிகாரமும் அதுக்குத்தான்."

"தீர்ப்பாயம் எப்ப கூடும்?"

"சமரசம் தோத்தப்புறம்."

"சரி, தோத்துருச்சுன்னு இப்பவே எழுதிருங்க."

மார்லூஸின் முகம் வாடியது. ஆரம்பிக்கும் முன்பே தோற்க நினைப்பது நல்லெண்ணக் குறைவு என்றும், அது ஹார்மனின் கோப்பில் ஏறினால் பின்னால் அவருக்கே பாதகம் என்றும் எடுத்துச் சொன்னார். மற்றபடி சமரசத்துக்கு வருவது முழுக்க முழுக்க அவரவர் விருப்பம், கட்டாயம் ஏதுமில்லை. வராவிட்டால் 'விருப்பத்தோடு வரவில்லை' என்று மட்டும் எழுதுவார்கள்.

ஒப்பந்தத்தையே கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார் ஹார்மன். போகலாம், ஆனால் பதினான்காம் பிரிவு தனி உயிர், ஒப்பந்தம் போனாலும் அது இருக்கும் என்றார் மார்லூஸ்.

"நான் செத்துட்டா?"

"அப்பவும் இருக்கும்" என்று ஆறுதலாகச் சொன்னார் மார்லூஸ்.

அன்று மூன்று மணிக்கு ஹார்மன் லிஃப்டில் தன் அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பிக் காட்டினார், சட்டையில் துடைத்துக் காட்டினார், மறுபடியும் சிவப்பு. வழக்கு நடக்கும் காலத்தில் தரப்புகள் தங்களுக்குள் தனியே சந்திப்பது நடுநிலையைக் குலைக்கும் என்பதால் மூன்றாம் மாடிக்கான அனுமதியை நிறுத்தியிருந்தார்கள். ஐம்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, ஒரு கதவு தன்னையும் ஃபெம்மியையும் பிரித்து நிற்பதை அவர் பார்த்தார். லிஃப்ட் வாசலில் அவருக்கு அழுகை வந்தது. கையில் இருந்த பிளாஸ்கில் தேநீர் ஆறிப்போயிற்று.

மறுநாள் புகாரைத் திரும்பப் பெறப் போனார். தாராளமாகப் பெறலாம் என்றார்கள். பெற்றால் ஆறு மாதம் சூடு தணியும் காலம். அந்த ஆறு மாதமும் தரப்புகள் விலகியே இருக்கவேண்டும். பக்கவாதம் கண்ட எழுபத்தெட்டு வயது மனுஷிக்கு ஆறு மாதம் என்றால் என்ன என்று ஹார்மனுக்குத் தெரியும். திரும்பப் பெறவில்லை.

பதினேழு நாள் கழித்து முதல் அமர்வு. ஃபெம்மியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து மேஜையின் அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். ஹார்மன் இந்தப் பக்கம். அவருக்குப் பின்னால் சுவரில், கட்டிலின் தலைமாடு உரசிய தடம் இன்னும் இருந்தது. கட்டில் கிடந்தால் தாங்கள் இருவரும் அங்கே படுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று ஹார்மன் நினைத்தார்.

காபி வந்தது. மார்லூஸ் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார், ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடினார். அந்த ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மற்ற வீடுகளில் அதற்கு உரை நிகழ்த்துவதில்லை. இரு தரப்பையும் சரிசமமாக நடத்தவேண்டும் என்ற தத்துவம் இந்தப் பிஸ்கட்டிலிருந்தே தொடங்குகிறது என்று மார்லூஸ் ஐந்து நிமிடம் பேசினார். ஃபெம்மியின் இடக்கையிலிருந்து பிஸ்கட் நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. டப்பா திறக்கவில்லை. ஹார்மன் தன்னுடையதை மேஜைமேல் தள்ளி அவளிடம் சேர்த்தார். மார்லூஸ் குறிப்பேட்டில், 'முதல் தரப்பு விட்டுக்கொடுத்தது' என்று எழுதினார். விட்டுக்கொடுத்தல் எல்லாம் சமரசர் வழியாகவே நடக்கவேண்டும் என்று அன்போடு நினைவூட்டவும் செய்தார்.

பிறகு ஒரு கதை சொன்னார். இரண்டு பேர், ஒரு போர்வை. இருவருமே எனக்குத்தான் என்கிறார்கள். ஒருவருக்கு உண்மையில் தேவை கதகதப்பு, இன்னொருவருக்குத் தேவை பாதத்தை மூடிக்கொள்வது. கேட்பது வேறு, தேவைப்படுவது வேறு. புரிகிறதா?

"எங்க வீட்லயும் ஒரு போர்வதான்" என்றாள் ஃபெம்மி, நாக்கு குழற. "ராத்திரி பூரா இந்தக் கெழவன் இழுத்துக்குவான்."

மார்லூஸின் பேனா பறந்தது. 'குறை எண் ஒன்று' என்று முணுமுணுத்தபடி எழுதினார். ஹார்மன் பதறிப்போய், அது விளையாட்டுப் பேச்சு, எங்களுக்குள் குறையே கிடையாது என்றார். குறை இல்லையென்றால் அடுத்த அமர்வு தேவையில்லை, கோப்பை இன்றே மூடிவிடலாம், சூடு தணியும் காலம் நாளை காலையே தொடங்கிவிடும் என்றார் மார்லூஸ்.

இந்த மாதிரி நேரங்களில் ஃபெம்மிதான் முதலில் புரிந்துகொள்வாள், அவர்களுடைய கல்யாணமே அப்படித்தான் நடந்தது. நன்றாக இருந்த இடக்கண்ணால் ஹார்மனைப் பார்த்து ஒருமுறை சிமிட்டினாள்.

"குறை இருக்கும்மா. நெறைய இருக்கு. குறட்டைய எழுதிக்கோ."

ஹார்மனுக்கு அப்போதுதான் உறைத்தது. "இவ பட்டாணி சூப்பு வெச்சா கரண்டி நிக்காது" என்றார். "தண்ணி. வெறும் தண்ணி. அம்பத்தொரு வருஷமா."

குறை இருக்கும்வரை அமர்வு உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, ஐம்பது நிமிடம். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடம் தயாரிப்பதுபோலக் குறை தயாரித்துக்கொண்டு வந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி கழிப்பறையில் மாட்டியிருந்த பிறந்தநாள் காலண்டரில் ஃபெம்மியின் அம்மா பெயரை ஹார்மன் எழுதவேயில்லை. எழுபத்து நான்காம் வருடம் ஃபெம்மியை எதிர்க்கரையில் மறந்து விட்டுவிட்டுக் கடைசிப் படகை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஃபெம்மி அவருடைய மிதிவண்டியைக் கேட்காமல் தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள், ஏசும்போது முகம் பார்த்துக்கொண்டார்கள். பிஸ்கட் மட்டும் விதிப்படி போனது. ஹார்மன் தன்னுடையதை மார்லூஸிடம் கொடுப்பார், மார்லூஸ் எழுந்து மேஜையைச் சுற்றிப் போய் ஃபெம்மியிடம் சேர்ப்பித்துவிட்டு வந்து எழுதிக்கொள்வார்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஃபெம்மி தன் காபியைத் தொடாமல் ஒதுக்கி வைத்தாள். பிறகு, "பாப்பா செத்துப் பொறந்த அன்னைக்கு நீ வரல" என்றாள்.

இது தயாரித்துக்கொண்டு வந்த குறை இல்லை. ஹார்மன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர்களுக்குப் பிறந்தது அந்த ஒரு குழந்தைதான். அன்று ஆற்றில் வெள்ளம், படகை விட்டு வரமுடியவில்லை என்று நாற்பத்தெட்டு வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெள்ளம் காலைலயே வடிஞ்சிருச்சு ஃபெம்மி" என்றார். "எனக்குப் பயமா இருந்துச்சு. உன் மூஞ்சியப் பாக்கப் பயமா இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் ஆளில்லாம வெறும் படக இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓட்டிட்டே இருந்தேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஃபெம்மி. "ஆஸ்பத்திரி சன்னல்ல இருந்து படகு தெரிஞ்சுது. நீ சொல்லணும்னு இருந்தேன்."

அவளுடைய இடக்கை மேஜைமேல் நகர்ந்து வந்தது. ஹார்மன் கையை நீட்டினார். "கூட்டு அமர்வுல தொடக்கூடாது, இன்னொரு தரப்புக்கு அழுத்தம் ஆயிடும்" என்றார் மார்லூஸ், கடிகாரத்தைப் பார்த்தபடி. "நேரமும் ஆயிடுச்சு. அடுத்த வாட்டி இத இன்னும் ஆக்கபூர்வமா பேசலாம்." குறிப்பேட்டில் 'குறை எண் இருபத்து மூன்று, தீரவில்லை' என்று எழுதினார். அரை நூற்றாண்டாக இருவர் நெஞ்சிலும் கிடந்த ஒன்று அவர் கண்ணெதிரே தீர்ந்தது, அந்த அம்மாள் அதற்கு ஓர் எண் போட்டுவிட்டுப் பேனா மூடியைத் தேடினார்.

சமரசத்துக்கு விதித்த ஒரு வருடக் கெடு முடிந்தபோது குறைகள் நாற்பத்தொன்று. சமரசம் தோற்றது என்று சான்றிதழ் வந்தது. ஹார்மன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். இனி தீர்ப்பாயம், அங்கே படித்தவர்கள் இருப்பார்கள், ஒப்பந்தத்தைப் படிப்பார்கள், இது ஓர் அறையைப் பற்றிய விஷயம் என்று ஒருவருக்காவது புரியும் என்று நம்பினார்.

தீர்ப்பாயமும் 214-லேயே கூடியது. மூன்று நடுவர்கள். நடுவில் பேராசிரியர் ஸ்லோட்மேக்கர். தங்களுக்கு இந்த வழக்கை விசாரிக்க அதிகாரம் உண்டா என்று மூவரும் ஆராய்ந்து, உண்டு என்று கண்டுபிடித்து, ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். பிறகு ஹார்மன் எழுந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த அறை எங்களுக்குத் தருவதாகச் சொன்ன அறை என்றார்.

"அந்த நாப்பத்தொரு குறையும் நாங்க கட்டுனதுங்க. முக்காவாசி பொய். குறை சொன்னாத்தான் இவளப் பாக்க விட்டாங்க. அதனால சொன்னோம்."

பேராசிரியர் கையை உயர்த்தினார். "அங்க என்ன பேசினீங்கங்கறது ரகசியம். எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அது தெரியாதப்போ, அது பொய்னு நீங்க சொல்றத மட்டும் நாங்க எப்படிக் கேக்கறது? உங்க பாதுகாப்புக்குத்தான் இந்த விதி." குறிப்பெடுப்பவரிடம் ஹார்மன் பேசியதை நீக்கச் சொன்னார்.

ஃபெம்மியின் முறை வந்தது. அவளுக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது, ஆனாலும் தெளிவாக வந்தது.

"என்னை என் புருஷன் பக்கத்துல படுக்க வைங்க. அவ்வளவுதான்."

பேராசிரியர், இரண்டாம் தரப்பின் உணர்ச்சிமயமான வாதத்துக்கு நன்றி தெரிவித்தார். விசாரணை பதினோரு நிமிடத்தில் முடிந்தது.

தீர்ப்பு முப்பத்தாறு பக்கம். முப்பத்தைந்தைத் தாண்டி ஹார்மன் கண்டுபிடித்தது இதுதான். அமர்வுகளில் பேசியது எதையும் தீர்ப்பாயம் பார்க்கவில்லை, எண்ணிக்கையை மட்டுமே பார்த்தது. ஒரே வருடத்தில் நாற்பத்தொரு குறைகளைப் பதிவு செய்த தம்பதி இந்த மையத்தின் வரலாற்றில் வேறு இல்லை. இவ்வளவு பகை முற்றிய இருவரை ஓர் அறையில் வைப்பது இருவருக்குமே ஆபத்து. ஆகவே, இருவரின் நலனுக்காகவும், இனி எக்காலத்திலும் அவர்கள் ஒரே அறையில் இருக்கலாகாது. 214 மையத்திடமே இருக்கும். தீர்ப்பு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. தீர்ப்பு ரகசியமானதும்கூட. அதைப் பற்றி எந்தத் தரப்பும் யாரிடமும் பேசக்கூடாது, மற்றத் தரப்பிடமும்.

ஹார்மன் டெர் ஹோர்ஸ்டிடம் போய் நின்றார். சன்னலோர நாற்காலி இந்த முறையும் கிடைத்தது. "உங்க ரெண்டு பேராலதான் இந்த மையம் நிமிர்ந்து நிக்குது ஹார்மன்" என்றார் டெர் ஹோர்ஸ்ட், உண்மையாகவே நெகிழ்ந்து. "ஆரம்பிச்ச வருஷமே வழக்கு இல்லேன்னா இழுத்து மூடியிருப்பாங்க. ஒரே வழக்குல இருபத்தாறு அமர்வு காட்டினோம். இனிமே அந்த ரூம யாரும் எங்ககிட்டருந்து எடுக்க முடியாது."

நன்றிக்கடனாக 214-இன் வாசலில் ஒரு பித்தளைப் பலகை பதிப்பது என்று முடிவாயிற்று. தரப்புகளின் பெயர் ரகசியம் என்பதால் பலகையில் எதுவும் பொறிக்கவில்லை. திறப்பு நாளில் இரு தரப்புக்கும் தனித்தனியே சிறப்பு அழைப்பு வந்தது. ஹார்மனுக்குப் பத்து மணி, ஃபெம்மிக்குப் பதினொன்றரை.

பத்து மணிக்கு ஹார்மன் இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். வெற்றுப் பலகையைப் பார்த்தார். மேஜையில் அவருக்கு மட்டும் காபி இருந்தது. மார்லூஸ் டப்பாவைத் திறந்து நீட்டினார், அவர் ஒன்றை எடுத்ததும் மூடினார். ஹார்மன் காபியைக் குடித்தார், பிஸ்கட்டைத் தின்னவில்லை. மார்லூஸ் யாரையோ வரவேற்கத் திரும்பியபோது எழுந்து மேஜையைச் சுற்றிப் போனார். ஃபெம்மியின் நாற்காலி வந்து நிற்கும் இடத்தில், அவளுடைய இடக்கைக்கு எட்டுகிற மாதிரி, உருண்டு விழாதபடி கொஞ்சம் உள்ளே தள்ளி, பிஸ்கட்டை வைத்தார்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றார். அங்கே நிற்கக் கூடாது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. கதவின் கண்ணாடி வழியாக அறை தெரிந்தது. பதினொன்றேகாலுக்கு மார்லூஸ் அடுத்த தரப்புக்காக மேஜையைத் துடைக்க வந்தார். பிஸ்கட்டைக் கண்டார். யார் வைத்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஒரு நொடி தயங்கினார். பிறகு அதை இரண்டு விரலால் எடுத்து டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடினார்.